ஒரு குடா தள்ளி

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். முகம் கழுவுகிறேன். காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிறேன். காப்பி பொங்கி மேலே ஏறுவதற்குள் சட்டையை மாட்டிக்கொள்கிறேன். நின்றுகொண்டே குடிக்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீர், நேற்றைய ரொட்டியில் பாதி, ஒரு தக்காளி, மடக்கு நாற்காலி. வண்டி வழியில் நின்றுபோனால் போட்டுக்கொள்வதற்கென்று சட்டப்படி எல்லாரும் வைத்திருக்கும் மஞ்சள் மேற்சட்டை. இவற்றை எடுத்துக்கொண்டு ஆறரைக்கு மேட்டுப்பாதையின் முகப்பில் இருக்கிறேன். அங்கே ஓர் அத்திமரம். அதன் கீழே நாற்காலியை விரிக்கிறேன். முதல் ஆட்கள் ஏழரைக்கு வருவார்கள். அவர்களைத் திரும்பிப் போகச் சொல்கிறேன். யாரும் எனக்குக் கொடுத்த வேலை அல்ல.

ஜூலை முதல் தேதியிலிருந்து இப்படி. நான் பள்ளியில் அறிவியல் நடத்துபவன். கோடையில் பள்ளி இல்லை.

பாதை இறங்கும் இடத்துக்குச் செவிட்டுக் குடா என்று பெயர். மேலேயிருந்து எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்காது. கூழாங்கல் கரை. பின்னால் நாற்பது மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான மலைச்சுவர், மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக. போன டிசம்பர்ப் புயலில் கடல் அதன் அடியைத் தின்றுவிட்டது. மேல்பாதி இப்போது கூரைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஒரு விரிசல். ஜூலையில் என் விரல்கள் நுழைந்தன. ஆகஸ்டில் முழங்கை வரை போகிறது. அது விழும். என்றைக்கு என்று தெரியாது. விழும்போது கீழே ஆள் இருப்பார்களா, மாட்டார்களா என்பதுதான் கேள்வி.

அந்த ஆட்களை அங்கே அனுப்புவது என் மனைவி. டொனாட்டா. மே பத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாள். வயது முப்பத்திரண்டு.

அவள் பயணக் கட்டுரைகள் எழுதுவாள். அதிகம் பேருக்குத் தெரியாத ஊர்களைப் பற்றி. ரோமையும் வெனிஸையும் விட்டுவிட்டு மலைமேல் இருபது வீடு உள்ள ஊர், பேருந்து நிற்காத துறைமுகம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவு திறக்கும் பழைய தேவாலயம் என்று தேடிப் போவாள். அவளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒரு பத்திரிகையும் அவள் எழுதுவதை வாங்கிக்கொண்டது. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தப் பத்திரிகையின் ஆசிரியை, "ஊர் ஊரா சுத்தறீங்க, உங்க ஊர்ல ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள்.

இருந்தது. எங்கள் ஊர் ஸ்கலீஸெயில் செவிட்டுக் குடாவுக்கு வடக்கே எண்ணூறு மீட்டரில் இன்னொரு குடா. வெள்ளை மணல், முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர், நன்னீர் ஊற்று. கன்னியாஸ்திரீக் குடா. டொனாட்டாவின் அப்பா உட்பட ஆறு குடும்பங்கள் அங்கே கணவாய் மீன் பிடிக்கக் கடலில் பானை இறக்குகின்றன. கோடையில் அந்த ஆறு குடும்பங்கள் மட்டும் குளிக்கும்.

டொனாட்டா அந்தக் குடாவைப் படம் எடுத்தாள், அதைப் பற்றியே எழுதினாள், வரைபடத்தில் செவிட்டுக் குடாவைக் குறித்தாள்.

எங்கள் ஊரில் இதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். மீன் எங்கே பட்டது என்று கேட்டால் ஒரு குடா தள்ளித்தான் சொல்வோம். காளான் எந்தச் சரிவில் கிடைத்தது என்று கேட்டால் ஒரு சரிவு தள்ளி. கேட்பவனும் ஊர்க்காரன் என்பதால் ஒரு குடா தள்ளியே புரிந்துகொள்வான். யாருக்கும் நஷ்டமில்லை. வெளியாட்கள் வந்து கூழாங்கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாள். அப்போது மலைச்சுவர் நேராகத்தான் நின்றது.

கட்டுரையின் கடைசியில் இப்படி எழுதினாள்:

"பாதையின் முகப்பில் தடைப் பலகை இருக்கும். இத்தாலியில் எந்தக் கடற்கரையில் அது இல்லை? ஊர்க்காரர் யாராவது வழிமறிப்பார். மலை சரிகிறது என்பார், பாம்பு என்பார், பக்கத்துக் குடாதான் நல்லது என்பார். பொய் சொல்வதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். சிரித்துத் தலையாட்டுங்கள். தொடர்ந்து நடங்கள்."

எழுதி முடித்துவிட்டு, "பூட்டுப் போட்டாச்சு, சவே" என்றாள். என் பெயர் சவேரியோ.

நான் செய்யாதது எதுவும் இல்லை. அவள் பக்கத்தின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. அதை நடத்தும் நிறுவனத்துக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பினேன், பதிலாக நீதிமன்றக் காகிதம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவரின் பெயர் அதில் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஆகஸ்ட் முழுக்க விடுமுறை, ஃபோனை யாரும் எடுப்பதில்லை. அந்தக் கட்டுரையை அதற்குள் எத்தனையோ பேர் எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டார்கள், பாதிப் பேர் அவள் பெயரைக்கூடப் போடவில்லை. ஊராட்சியில் பலகை வைத்தாயிற்று என்றார்கள். கடலோரக் காவலில் அது நிலம் என்றார்கள். தீயணைப்பில் விழுந்த பிறகு கூப்பிடுங்கள் என்றார்கள், கிண்டலாக அல்ல. ஆகவே நாற்காலி.

ஆகஸ்ட் நான்காம் தேதி டூரினிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவன் தோளில் குளிர்பெட்டி, அவள் கையில் தர்பூசணி.

"நில்லுங்க," என்றேன். "கீழே போகாதீங்க. மலை விழப்போகுது."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "சொன்னேன்ல? மலைதான்!"

"நான் பாம்புன்னு நினைச்சேன்."

"தோத்துட்டே. சாயங்காலம் ஐஸ்கிரீம் நீதான்."

"நான் அறிவியல் வாத்தியார்ங்க. மேல மணற்கல்லு, அடியில களிமண்ணு. தண்ணி உள்ள இறங்கிடுச்சு. வாங்க, விரிசலைக் காட்டறேன்."

"இவரு நல்லா பண்றாருல்ல?" என்றான் அவன், அவளிடம். "மஞ்சச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு."

வேறு வழி தெரியவில்லை. வெளியாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "நீங்க தேடறது இது இல்ல. மணல் இருக்கறது அடுத்த குடா. வடக்கால எண்ணூறு மீட்டர். படத்துல இருக்கறதே அதுதான்."

"பக்கத்துக் குடா!" அவள் தர்பூசணியோடு ஒரு குதி குதித்தாள். "வரிக்கு வரி அப்படியே வருது."

"அதை எழுதினது என் பொண்டாட்டி."

"அப்ப கூப்பிடுங்க அவங்களை. அவங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா திரும்பிடறோம்."

"இறந்துட்டா. மே மாசம்."

அவர்கள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. அவள் தர்பூசணியைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்துத் தேடினாள். என்னிடம் நீட்டினாள். "நேத்து சாயங்காலம் படம் போட்டிருக்காங்களே."

பார்த்தேன். ஓர்வியெத்தோவில் கிணற்றுக்குள் இறங்கும் படிக்கட்டு. மார்ச்சில் எடுத்தது. அவளுக்குப் பின்னால் நான் இரண்டு பேருடைய கோட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்தில் நான் இல்லை.

"முன்னாடியே போட்டு வெச்சது," என்றேன். "தானா வருது. செப்டம்பர் கடைசி வரைக்கும் வரும்."

அந்த ஆள் என் தோளில் கை வைத்தான். குரல் மென்மையாக இருந்தது. "சார், மலை விழும்னு சொல்லுங்க, பாம்புன்னு சொல்லுங்க. செத்துட்டாங்கன்னு சொல்லாதீங்க. அதுல விளையாடக் கூடாது."

இறங்கிப் போனார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். "மணல் இல்ல. ஆனா தண்ணி அருமை," என்று அவள் எனக்குக் கையசைத்தாள்.

மறுநாள் அவர்களே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். கறுப்புக் கட்டம், சிலுவை, பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. முப்பதாம் நாள் ஒன்று. வருடம் திரும்பும்போது ஒன்று. யாரும் அதைக் கடந்து நடக்கமாட்டார்கள், நின்று படிப்பார்கள். வடக்கேயிருந்து வருபவர்களும் நிற்பதைக் கவனித்திருக்கிறேன். ஏழாம் தேதி சவப்பெட்டிக்காரர் கத்தால்தோவின் கடைக்குப் போனேன். ஒட்டுவதெல்லாம் அவர்தான் அச்சடிப்பார்.

"வாங்க வாத்தியாரே." பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "யாருக்கு?"

"டொனாட்டாவுக்கு."

விரல்விட்டு எண்ணினார். "முப்பதாம் நாள் போயிடுச்சு. வருஷம் வரல. மூணாம் மாசத்துக்குப் போஸ்டர் கிடையாதே."

"ஒண்ணே ஒண்ணு போதும். பெருசா. படத்தோட." எழுதி வைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தேன். டொனாட்டா பாலுசோ, வயது முப்பத்திரண்டு, இவ்விடத்தில் பாறை சரிந்து காலமானார்.

கத்தால்தோ படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"வாத்தியாரே, பெட்டியில வெச்சது நான். ஒரு கீறல் இல்ல அந்தப் பொண்ணு மேல. வீட்டுல, மூளையில ரத்தம் கசிஞ்சு..."

"தெரியும்."

"நாப்பது வருஷமா அடிக்கிறேன். பொண்டாட்டிய அடிச்சவனையெல்லாம் பாசமுள்ள கணவர்னு போட்டிருக்கேன். அது வேற. செத்த இடத்தை மாத்திப் போட்டதில்ல."

"அதைப் பாத்தாதான் நிப்பாங்க."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "எந்தப் படம்?" என்றார்.

எட்டாம் தேதி காலையில் அத்திமரத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்து ஒட்டினேன். ஒன்பது மணிக்கு என் மாமனார் ரோக்கோ தம் மூன்று சக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"என் பொண்ணு எங்கடா செத்தா?"

"மாமா..."

"சமையக்கட்டுல செத்தா. எம் பேரு போட்ட வீட்டு சமையக்கட்டுல. செவிட்டுக் குடாவுல சாகற அளவுக்கு அவ என்ன வெளியூர்க்காரியா? ஊர்ல ஒரு குழந்தைகூட அங்க போகாது. கேக்கறவன் என்னைக் காறித் துப்பமாட்டான்?"

"ஜனங்க நிக்கணும் மாமா. ஆளு சாகப்போகுது கீழ."

"சாவட்டும்! எவன் வரச்சொன்னான்?" என்றார். உடனே சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா மன்னிக்கணும்." அத்திமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவளுடைய படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. "எங்க குடாவைக் காட்டிக் குடுத்தியாமே. நம்மகூடப் பானை இறக்கற தோம்மாசோ இந்த வழியா வந்தப்ப கேட்டிருக்கான்."

"சொன்னேன். யாரும் நம்பல."

"நம்பமாட்டானுவ. எம்பொண்ணு எழுதினது அப்படி." அவர் குரலில் ஒரு பெருமை வந்தது, வந்தவுடன் போய்விட்டது. போஸ்டரின் மேல் மூலை காற்றில் பிரிந்து ஆடியது. வண்டியிலிருந்து படகுக்குப் பூசும் பிசினை எடுத்துவந்து அந்த மூலையைக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போஸ்டர் வேலை செய்தது. எட்டாம் தேதி பத்தொன்பது பேர் வந்தார்கள், பத்தொன்பது பேரும் திரும்பினார்கள். ஒன்பதாம் தேதி முப்பத்தொரு பேர். ஒரு கிழவி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கீழே கரை காலியாக இருந்தது. அன்றிரவு ஏழு மணி நேரம் தூங்கினேன்.

பதினோராம் தேதி ஒரு பெண் வெள்ளை லில்லிப் பூங்கொத்தோடு வந்தாள். போஸ்டருக்கு முன் நின்றாள், படித்தாள். நான் எழுவதற்குள் என்னைத் தாண்டி இறங்க ஆரம்பித்தாள்.

"அம்மா, அங்க போகக்கூடாது. போஸ்டரைப் படிச்சீங்கல்ல?"

"அதுக்குத்தான் வந்தேன்."

யாரோ போஸ்டரைப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். 'இந்தக் கடற்கரையை நமக்குக் காட்டியவள் இந்தக் கடற்கரையிலேயே போய்விட்டாள்.' டொனாட்டாவின் வாசகர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அதுவரை தெரியாது. பன்னிரண்டாம் தேதி போஸ்டரைக் கிழிக்கப் பார்த்தேன். பிசின் நன்றாகப் பிடித்திருந்தது, பலகையையே பெயர்த்துப் போட வேண்டியதாயிற்று. பயனில்லை. பலகை இருந்த இடத்தில் பூ வைத்தார்கள். கீழேயும் வைத்தார்கள். எங்கே விழுந்திருப்பாள் என்று அவர்களாகவே யோசித்து, பாறை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நேர் கீழே. அதற்கு முன்பு வந்தவர்கள் தண்ணீரோரமாவது உட்கார்ந்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து. மாதாவின் விண்ணேற்பு. நாடு முழுக்கக் கடலுக்குப் போகும் நாள். பதினோரு மணிக்குள் அறுபத்து மூன்று பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். சிலர் என்னைப் பார்த்துத் தலைகுனிந்தார்கள், காவலாளி என்று நினைத்து. விளிம்புக்குப் போய்க் கத்தினேன். யாரும் நிமிரவில்லை. விரிசலில் கையை விட்டேன். தோள் வரை போயிற்று.

கீழே இறங்கினேன்.

பூக்கள் ஒரு கட்டிலளவு குவிந்திருந்தன. மெழுகுவர்த்திகள், அவள் எழுதியதிலிருந்து யாரோ கையால் எழுதிவைத்த வரிகள், மாத்தேராவில் எடுத்த அவள் படம். அவற்றைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்தும் நின்றும் இருந்தார்கள். தலைக்கு மேலே கூரை. அதன் நிழல் குளிர்ச்சியாக இருந்தது, அதனாலும் அங்கேயே இருந்தார்கள்.

நான் குனிந்து பூக்களை வாரினேன். தண்ணீரோரம் கொண்டுபோய்ப் போட்டால் அவர்களும் வருவார்கள் என்று நினைத்தேன்.

"ஏய்! என்ன பண்றீங்க?" ஓர் இளம்பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது அவங்களுக்கு வெச்சது."

"எனக்குத் தெரியும். நான் அவ புருஷன். எல்லாரும் எந்திரிங்க. இங்கேருந்து நகருங்க."

இந்த முறை நம்பினார்கள்.

அவள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். தண்ணீரில் இருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள், ஈரக்காலோடு கற்கள் மேல் தத்தித் தத்தி. தூரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கிட்டே வந்தார்கள். அறுபத்து மூன்று பேரும் கூரைக்கு அடியில் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"வெளியே வாங்க. தண்ணி கிட்டப் போவோம். இது விழும்."

"அழுங்க தம்பி," என்றார் தொப்பிக் கிழவர். "அடக்காதீங்க."

"நான் அழல. மேல பாருங்க."

மேலே பார்த்தார்கள். வானத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். மண் பொடிப்பொடியாகக் கொஞ்சம் உதிர்ந்தது, உப்பு தூவுவது போல. என் மஞ்சள் சட்டையில் விழுந்தது. அந்த இளம்பெண் அதைத் தட்டிவிட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் கேட்பதற்கு இன்னும் நெருங்கி வந்தார்கள். கடல் சத்தம்கூட அங்கே மெல்லத்தான் கேட்கும்.

மூன்று மாதமாக இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவள் மாதாவைக் கூப்பிட்டாள் என்று மாமியார் தாமாகவே ஊரில் சொல்லிவிட்டார். அவள் என் பெயரைச் சொன்னாள் என்று பாதிரியார் பூசையில் சொன்னார். இவர்கள் மட்டும்தான் கேட்டார்கள். நான் என்ன சொன்னாலும் நம்பத் தயாராக நின்றார்கள். 'இந்த இடத்துக்கு யாரையும் வரவேண்டாம்னு சொல்லு என்றாள்' என்று சொன்னால் போதும். அறுபத்து மூன்று பேரும் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். போஸ்டரில் ஒரு பொய் சொல்லிவிட்டேன், இன்னொன்றுக்கு என்ன. வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

வந்தது அது இல்லை. மே பத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு நான் பள்ளிக்குக் கிளம்பிப் படியில் நின்றுகொண்டு, கோடை வந்துவிட்டது, அந்தச் செவிட்டுக் குடாக் கட்டுரையை எடுத்துவிடு, மலை நிற்காது என்று சொன்னேன். அவள் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே அவர்களிடம் சொன்னேன்.

"எடுக்கலாம், எடுக்கலாம். அதையெல்லாம் யாரு படிக்கிறா, சவே?"